பார்வை எட்டும் தூரத்தில்

"இப்பதான் கண்ணசந்தா. அப்புறமா வாங்க," என்று தம்பி வாசலை மறித்துக்கொண்டு நின்றபோதே, உள்ளேயிருந்து அக்காவின் குரல் மெலிதாக வந்தது.

"யாருடா அது? உள்ள விடு."

காலையிலிருந்து இதே கதைதான். இனி வைத்தியத்துக்கு ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்பிவிட்டார். செய்தி சர்ச் சபையில் பரவி, ஒவ்வொருவராக வந்தார்கள். ஆறுதல் சொல்லத்தான் வந்தார்கள். கட்டிலருகே வந்ததும் அவர்கள் அழ, அக்கா ஆறுதல் சொல்லி அனுப்பினாள்.

ரொட்டிக்கடைக்காரியும் அப்படித்தான். புருஷன் விட்டுப்போன புதிதில், கடை திறக்கிற நேரத்துக்கு அக்கா தினமும் வந்து கூட நின்றதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

"இனிமே எனக்கு யாருக்கா இருக்கா?"

அக்கா மூச்சை இழுத்துப் பிடித்துப் பேசினாள். "புதுசா சபைக்கு வருதே, அந்த நர்ஸ் பொண்ணு. அதுக்கு இங்க யாரையும் தெரியாது. ஞாயித்துக்கிழமை நீ போய் பக்கத்துல உக்காரு."

மூக்கைச் சிந்தியபடியே தலையாட்டிவிட்டு அவள் போனாள்.

தம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தையல் கடையில் பள்ளிச் சீருடைகளுக்குப் பொத்தான் காஜா எடுத்தே கண் மங்கிப்போனவள் அக்கா. கல்யாணம் கட்டாமல் அவனை வளர்த்து ஆளாக்கினவள். அவன் ஒருவனுக்கு அக்காவாகப் பிறந்தவளை ஊரே அக்கா என்று கூப்பிட்டுப் பங்கு போட்டுக்கொண்டது. ஞாயிறுதோறும் அவளைப் பைக்கில் கொண்டுபோய்ச் சபை வாசலில் இறக்கிவிட்டு, எதிர்க்கடையில் டீ குடித்தபடி காத்திருப்பான். உள்ளே கால் வைத்ததில்லை.

"சாகக் கிடக்கிறவகிட்டகூட வாங்கிட்டுத்தான் போவாங்களா?"

"கத்தாத. வாசல்ல யாரோ நிக்கிறாங்க பாரு."

பாஸ்டர் நின்றார். பாஸ்டர் என்று பேர்தான், இன்னும் மீசை சரியாக அடராத பிள்ளை. பைபிளைத் திறந்து ஒரு வரி வாசிப்பதற்குள் அழுது, பைபிளை மூடிவிட்டார். அக்கா அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"பரவால்ல பாஸ்டர். நீங்க சீக்கிரம் முடிச்சது இன்னைக்குத்தான்."

அழுகைக்கு நடுவே அவர் சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். அவர் படியிறங்கும் வரை அக்கா காத்திருந்தாள். பிறகு தம்பியின் சட்டை நுனியைப் பிடித்தாள்.

"டேய், எனக்குப் பயமா இருக்குடா."

எங்கே எந்தக் குழாய் உடைந்தாலும் ஓடிப்போய் அடைக்கத் தெரிந்த பிளம்பர் அவன். இதற்குக் கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "பயப்படாதக்கா," என்றான். சொன்ன அவனுக்கே அது ஒட்டவில்லை.

"எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன். பைபிள் வசனமெல்லாம் ஞாபகம் இருக்கு. உள்ள இறங்க மாட்டேங்குது."

தம்பி செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினான். ஸ்கூட்டரைக் கிளப்பப்போன பாஸ்டரிடமிருந்து சாவியைப் பிடுங்கினான்.

"அவளுக்குப் பயமா இருக்காம். வந்து ஏதாவது சொல்லுங்க."

பாஸ்டர் ஸ்கூட்டரிலிருந்து இறங்கினார். "அக்காவுக்கா? அவங்களுக்கு நான் என்னண்ணே சொல்றது?"

"உங்க வேலையே அதானே!"

"எனக்கு ஒண்ணும் ஓடலண்ணே."

கை ஓங்காத குறை. தம்பி மூச்சு வாங்கியபடி குரலை இறக்கினான். "சரி. நீங்க பயந்தப்ப அவ என்ன சொன்னா? அதையே சொல்லுங்க."

"ஒண்ணுமே சொல்லல," என்றார் பாஸ்டர். "முதல் நாள் பிரசங்கம். பேச்சு வராம நின்னேன். எனக்காகக் கூசிப்போய் எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. அக்கா மட்டும் பின்னாலருந்து எழுந்து வந்து முன் பெஞ்சுல உக்காந்தாங்க. நான் முடிக்கிற வரைக்கும் என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க."

தம்பி சாவியை நீட்டினான். பாஸ்டர் அதை வாங்காமல் வீட்டுக்குள் நடந்தார்.

சமையலறையிலிருந்து நாற்காலியைத் தூக்கிவந்து, தலையைத் திருப்பாமலே அவள் பார்க்கக்கூடிய இடத்தில் போட்டு உட்கார்ந்தார். பைபிளைத் திறக்கவில்லை.

"திரும்பவும் பிரசங்கமா?" அக்காவின் உதடு மட்டும் அசைந்தது.

"இல்லக்கா. இன்னைக்கு நான் முன் பெஞ்சு."

ஜன்னல் வெயில் சுவரிலிருந்து தரைக்கு இறங்கியது. மூச்சு ஏறி, இறங்கி, நின்று மறுபடி ஏறியது. ஒருமுறை அவள் கண்கள் மிரண்டு அறையெங்கும் அலைந்து, நாற்காலிக்கு வந்து நிலைத்தன. பாஸ்டர் கண்ணீரைத் துடைக்கவில்லை. துடைத்தால் கை முகத்தை மறைத்துவிடும். தம்பி அவள் பாதங்களைப் பிடித்தபடி தரையில் இருந்தான்.

பொழுது சாய்வதற்குள் மூச்சுகளுக்கு இடையே நேரம் நீண்டுகொண்டே போனது. பிறகு அடுத்த மூச்சு வரவில்லை.

தம்பி எழுந்து இமைகளை மூடினான். போர்வையை நீவிவிட்டான். பாஸ்டர் எழவில்லை. தோள்கள் குலுங்கின, பார்வை மட்டும் அந்த முகத்தை விட்டு விலகவில்லை.

சபைக்குச் சொல்ல வேண்டும். சவப்பெட்டிக்குச் சொல்ல வேண்டும். தம்பி போனை எடுத்தான், கீழே வைத்தான். போய் இன்னொரு நாற்காலியைத் தூக்கிவந்து, பாஸ்டரின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.