கற்பிட்டிக் கிணற்றுத் தண்ணீர்

கற்பிட்டிக் கோட்டை வாசலில் கடற்படைக்காரர் எங்கள் பெயர்களைப் பதிந்து முடிக்கும்வரை, என் மனைவி றஹ்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தலை நெஞ்சோடு பிடித்திருந்தாள். வீடு பார்த்தாலும் சம்பந்தம் பேசினாலும், அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்த பிறகே சம்மதம் சொல்வது எங்கள் குடும்ப வழக்கம். கற்பிட்டியில் ஒரு மிடறும் குடிக்கமாட்டேன் என்று புத்தளத்தில் பஸ் ஏறும்போதே சொல்லிவிட்டாள். மகள் நிஃப்லாவின் முகம் அப்போதே வாடிவிட்டது. அவளுக்கு இங்குள்ள பள்ளிக்கூடத்தில் ஆசிரியை நியமனம். உம்மா சம்மதிக்காமல் ஏற்கமாட்டாள். திங்கட்கிழமை கடைசி நாள்.

றஹ்மாவைக் குறை சொல்லவும் முடியாது. தொண்ணூறில் சண்டைக்காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, தோணியில் வந்து இந்தக் கரையில்தான் இறங்கினோம். வழியில் காய்ச்சல் கண்ட அவளுடைய வாப்பா மூன்றாம் நாள் இங்கேயே மௌத்தானார். இருபத்துமூன்று வருடமாக அவள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

கோட்டையைப் பார்த்து நான் அசந்துபோனேன். கடலில் வெட்டியெடுத்த முருகைக்கல் சுவர் ஓர் ஆள் படுத்து உறங்கும் அகலம். மதிலில் ஏறினால் களப்பு முழுக்க வெயில், தோணிகள், தூரத்தில் பச்சையாகத் தீவுகள். இவ்வளவு அழகான இடத்திலா நாங்கள் அழுதுகொண்டு இறங்கினோம் என்றிருந்தது.

"முந்நூறு வருசமா நிக்கிது. நான் கட்டின செவரு அஞ்சு வருசத்துல வெடிச்சிட்டு" என்றேன்.

நிஃப்லா சிரித்தாள். றஹ்மா களப்புக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

திரும்பும் வழியில், வேலியோரம் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த வயதான பெண்ணிடம் நிஃப்லா தண்ணீர் கேட்டாள். றோசமேரி என்று பெயர் சொன்ன அவர் கிணற்றில் அள்ளிக் கொடுத்தார். நிஃப்லா மடமடவென்று குடித்தாள்.

"உப்பா?" என்றாள் றஹ்மா, தன்னை மறந்து.

"உப்போ! ரெண்டு பக்கமும் கடல்தான் தங்கச்சி, ஆனா இது இளநி மாதிரி. தொண்ணூறுல தோணியில வந்த சனத்துக்கும் இதுலதான் அள்ளினம். எனக்கும் மாமிக்கும் கை ரெண்டும் கொப்பளிச்சுப் போச்சு."

றஹ்மா கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கட வாப்பாவும் குடிச்சிருப்பாரா?"

றோசமேரி அவளை நிதானமாகப் பார்த்தார். "ஒருத்தரையும் தாகத்தோட அனுப்பல்ல, தங்கச்சி."

றஹ்மா போத்தலின் மூடியைத் திருகி, புத்தளத்துத் தண்ணீரை முருங்கையடியில் ஊற்றினாள். வெறும் போத்தலை மகளிடம் நீட்டினாள். நிஃப்லா வாளியை விட்ட வேகத்தில் கயிறு கப்பியில் கடகடவென்று ஓடியது.