பல்பைப் பார்க்கும் கண்ணாயி

1999இல் நாலாவது தடவையாக கொல்லிமலை வளப்பூர் நாட்டுக்குப் பஸ் ஏறினேன், மடியில் புது எலக்ட்ரானிக் போர்டு. ஊர்க் குடிதண்ணீர் மோட்டாரைக் கட்டுப்படுத்த எங்கள் கோவை கம்பெனி செய்தது. மாட்டினால் சில நாள் ஓடும், பிறகு போர்டு பூட்டிக்கொள்ளும், மோட்டார் நின்றுவிடும். புரோகிராமிங் தலைவர் அருணாசலம் ஏசி அறையிலிருந்தே தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

"ஹார்டுவேர் கோளாறு. முபஷிர், போய் மாத்திட்டு வா."

அந்த மேதாவி கொல்லிமலையைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. ஸ்க்ரூடிரைவர் பிடிப்பவனுக்கு மூளை எதற்கு என்பது அவர் எண்ணம். தூ!

மோட்டார் ரூமில் கண்ணாயி நின்றாள். பஞ்சாயத்தில் தற்காலிக வேலை. புருசன் இல்லை, அவளுக்கு இருப்பது இந்த வேலை ஒன்றுதான்.

"ஏனுங்க சாமி, இன்னொருக்கா நின்னா என்னைய நிறுத்திப்போடுவாங்களாமுங்க. நாந்தான் கெடுக்கறேன்னு உங்க கம்பெனி கடுதாசி போட்டிருக்குதாமுங்க."

"கெடுக்காமயா நிக்குது?" என்று எரிந்து விழுந்தேன். இருந்தாலும் அன்று உடனே கிளம்பாமல் உட்கார்ந்து கவனித்தேன்.

கரண்ட் போய் வந்தது. மலையில் அது ஒரேயடியாக வராது, எட்டிப் பார்க்கும், ஓடிவிடும், மறுபடி வரும். கண்ணாயி சட்டென்று சுவிட்சை அணைத்துவிட்டு, சுவரிலிருந்த பல்பையே பார்த்தபடி நின்றாள்.

"பல்பு ஆடாம நின்னாத்தானுங்க மோட்டாரு போடோணும். இல்லாட்டி உள்ள சுத்துன காயில் கம்பி கருகிப்போயிரும். இங்க அல்லாரும் இப்பிடித்தானுங்க."

முதல் நாளே இதைச் சொல்லியிருந்தாள். நான்தான் காதில் வாங்கவில்லை.

கோவைக்குத் திரும்பி புரோகிராமின் பிரதியைக் கேட்டேன். இவனுக்கு என்ன புரியப்போகிறது என்ற தைரியத்தில் அருணாசலம் கொடுத்தார். புத்தகத்தை வைத்துக்கொண்டு பத்து நாள் வரிக்கு வரி மல்லுக்கட்டினேன். கிடைத்தது. கரண்ட் வந்த பத்து நொடிக்குள் சுவிட்சை அணைத்தால், மோட்டார் சிக்கிக்கொண்டது என்று போர்டிலிருக்கும் சிப் குறித்துக்கொள்கிறது. இருபது தடவை குறித்தால் நிரந்தரப் பூட்டு. அட கண்றாவியே! மோட்டாரைக் காப்பாற்றுகிறவளைத்தான் அது தண்டித்துக்கொண்டிருந்தது.

ஏழு வரியை மாற்றி எழுதி அவர் மேஜையில் வைத்தேன். படிக்கப் படிக்க அவருடைய காது சிவந்தது.

"சரி, புது சிப்புல ஏத்திக் கொண்டுபோ. வந்ததும் புரோகிராமிங்ல உட்காரு," என்றார். "ஆனா ரிப்போர்ட்ல ஆபரேட்டர் தப்புன்னு எழுது. நம்ம தப்புன்னா மத்த பஞ்சாயத்தெல்லாம் போர்டைத் திருப்பி அனுப்பிருவான்."

ஐந்து வருஷமாக நான் ஏங்கிய நாற்காலி. எழுதினேன். வெட்கங்கெட்டவன், முத்து முத்தாகக் கையெழுத்தும் போட்டேன்.

அடுத்த வாரம் புது சிப்போடு மலையேறினேன். மோட்டார் ரூமில் கண்ணாயிக்குப் பதிலாக சின்னராசு என்றொருவன் இருந்தான். கரண்ட் வந்ததும் அவனும் சுவிட்சை அணைத்துவிட்டுப் பல்பைப் பார்த்தான். ஒரு தடவை இல்லை, காற்றும் மழையுமாக இருந்த அன்று மட்டும் இருபத்திரண்டு தடவை. போர்டு பூட்டிக்கொள்ளவில்லை.

வெளியே குழாயடியில் கண்ணாயி குடத்தோடு நின்றாள்.

"இப்ப நல்லா ஓடுதுங்களா, சாமி?"

"ஓடுதுங்கம்மா."

"நான் பாத்தப்பத்தானுங்க நின்னு நின்னு போச்சு. எங்கையி ராசியில்லாத கையாட்டிருக்குது."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். அருணாசலத்தை எத்தனை தடவை காறித் துப்பியிருப்பேன்! அந்த ஆளாவது இவள் முகத்தைப் பார்த்ததில்லை.