மதுவிலக்குத் தலைவரின் மயக்கம்

"தடால்!"

சுரங்கத்தில் இரண்டு மணி ஷிப்டுக்குச் சங்கு ஊதி முடிந்த அதே நொடியில், ஊரிகம் மதுவிலக்குச் சங்கத் தலைவர் முனிரத்தினம் மேடையிலிருந்து கீழே விழுந்தார். அதுவரை சாராயத்தின் தீமைகளைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியிருந்தார். கடைசி ஐந்து நிமிடம் நாக்குக் குழறியது, வேர்த்துக் கொட்டியது, மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அத்தே, எப்ப வந்தீங்க?" என்று நலம் விசாரித்தார்.

"இன்னாபா, தலைவரே ஏத்திக்கினு வந்துக்கிறாரு?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்க, முன்வரிசை சிரித்தது. துணைத் தலைவர் மாணிக்கராஜ் மட்டும் சிரிக்கவில்லை. தலைவர் நாற்காலி காலியாகும் நேரத்தில் சிரிப்பது மரியாதையல்ல என்று அவருக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஐடா குளுக்கோஸ் ஊசி போட்டாள். சற்று நேரத்தில் முனிரத்தினம் எழுந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.

"சர்க்கரை அடியோட இறங்கிப் போச்சுங்க ஐயா. மாத்திரை எத்தனை போட்டீங்க?" என்றாள் ஐடா.

"ஒண்ணுகூட இல்லம்மா. மூணு மாசமா இங்கிலீஷ் மருந்தே தொடறதில்லே."

மாத்திரை தொடாத நீரிழிவுக்காரருக்கு, அறுபத்தைந்து வயதில், சர்க்கரை ஏன் இப்படி இறங்க வேண்டும்? டாக்டர் யோசித்துப் பார்த்து, 'காரணம் தெரியவில்லை' என்று சீட்டில் எழுதினார்.

மாணிக்கராஜ் அதை வாங்கிப் படித்தார். "காரணம் ஊருக்கே தெரியும். ஞாயித்துக்கிழமைக்குள்ள நீங்க குடிக்கலேன்னு நிரூபிங்கண்ணே. இல்லாட்டி ராஜினாமா."

முனிரத்தினம் சாப்பிட்டதெல்லாம் சம்பங்கி என்ற நாட்டு வைத்தியரின் சர்க்கரைச் சூரணம்தான். தினம் ஒரு ஸ்பூன். மேடை ஏறும் நாளில் தெம்புக்கு இரண்டு. சோறு மட்டும் பேச்சு முடிந்த பிறகுதான். வைத்தியர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: ஆஸ்பத்திரியில் இனாமாகத் தரும் வெள்ளை மாத்திரையை விழுங்கக் கூடாது, ஆனால் வாராவாரம் வாங்கி வந்து, அதைக் கைவிட்டதற்கு அடையாளமாக அவரிடமே ஒப்படைக்க வேண்டும். முப்பது வருஷம் சுரங்கத்தில் டைம்கீப்பராக இருந்த முனிரத்தினம் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. ஊரிகத்தின் பென்ஷன்காரர்களில் பாதிப்பேர் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். சூரணம் அற்புதமாக வேலை செய்தது.

சனிக்கிழமை முனிரத்தினத்தின் மனைவி கங்கம்மா, பக்கத்துக் கோரமண்டலில் இருக்கும் வைத்தியர் வீட்டுக்குப் புறப்பட்டாள். சூரணத்தில் சாராயம் கலக்கவில்லை என்று வைத்தியர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், புருஷனின் மானம் தப்பிவிடும்.

வைத்தியர் வீட்டில் இல்லை. அவர் மனைவி வெங்கடம்மா காலி உரலுக்கு முன்னால் உலக்கையோடு உட்கார்ந்திருந்தாள். கங்கம்மாவின் கைகளைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது.

"இன்னாக்கா, வெறுங்கையோட வந்துட்டே? உங்க வூட்டு மாத்திரை வராம, சூரணத்துக்கு நான் எதைப் போட்டு இடிக்கறது?"