மாமன் செய்முறை

தாமரைச்செல்வி ஆஸ்திரேலியாவிலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். படிப்பில் ஒரு வருஷம் முடிந்து, இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருந்தது. பேங்க் லோனை முதல் வருஷமே விழுங்கிவிட்டது. இரண்டாம் வருஷத்துக்கு ஃபீஸைக் கூட்டிவிட்டார்கள், டாலரும் தன் பங்குக்கு ஏறிக்கொண்டது. வேறு சொத்து இருந்தால் கொண்டுவாருங்கள் என்றார் பேங்க் மேனேஜர். செக்கானூரணிப் பக்கம் இருந்த கிணற்றுத் தோட்டத்தின் பத்திரம் ஏற்கெனவே அவரிடம்தான் தூங்கிக்கொண்டிருந்தது. ஃபீஸ் கட்டாவிட்டால் விசா போய்விடும். விசா போனால் கட்டிய வருஷமும் போய், லோன் மட்டும் நிற்கும்.

அப்பா காளை ரொம்ப யோசிக்கவில்லை. "விசேஷம் வச்சிருவோம்" என்றார்.

மதுரைக்கு மேற்கே விசேஷம் வைப்பதென்றால் ஊருக்கெல்லாம் பத்திரிகை அடித்து, கறிச்சோறு போட்டு, வந்தவர்கள் செய்யும் பணத்தை வாங்கிக்கொள்வது. செய்முறை என்று அதற்குப் பேர். இனாம் என்று நினைத்துவிடக் கூடாது. இன்று செய்தவன் நாளைக்குத் தன் வீட்டு விசேஷத்தில் கூடுதலாக எதிர்பார்த்து உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். மறந்துபோனால் பந்தியில் வைத்தே கேட்பான்.

விசேஷத்துக்கு ஒரு சாக்கு வேண்டுமே! காதுகுத்து, சடங்கு எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டன. காளை வீட்டில் குத்துவதற்குப் புதிதாகக் காது ஒன்றும் இல்லை. கடைசியில் மொட்டை மாடியில் கூரைகூடப் போடாமல் நின்ற ஒற்றை அறைக்குப் புதுமனை புகுவிழா என்று பத்திரிகை அடித்தார். தாமரை வயிறு வலிக்கச் சிரித்தாள். அம்மா சோலையம்மாள் சிரிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அம்மா ஒரு மாதிரியாகத்தான் இருந்தாள். மகள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஆபரேஷனுக்குப் போகிற ஆளுக்கு வைப்பதுபோல, பிடித்த குழம்பாகவே வைத்துக்கொண்டிருந்தாள். பீரோவிலிருந்த தன் அளவு ஜாக்கெட்டைக் காணாமல் தாமரை கேட்டபோது, "டெய்லர்ட்ட கெடக்கு" என்றாள்.

"எதுக்கும்மா?"

"ஜாக்கெட்டு தைக்கத்தான் குடுப்பாக. கேள்விக்கு மேல கேள்வி கேட்டுக்கிட்டு."

தாய்மாமன் தவமணி தினமும் போன் செய்தார். திருமங்கலத்தில் டிப்பர் லாரிகள் வைத்துத் தொழில் செய்கிற பெரிய கை. எடுத்ததும் "மருமகளே" என்பார். அவள் பிறந்த நாளிலிருந்து அப்படித்தான். அக்கா தங்கச்சி மகளும் மருமகள்தான், மகன் கட்டிக்கொண்டு வருகிறவளும் மருமகள்தான். இது தாமரைக்குத் தெரியாததல்ல. ஆனால் அன்றாடம் காதில் விழுகிற வார்த்தையை யார் நின்று உரசிப் பார்க்கிறார்கள்?

"ஃபீஸுக்குக் கடைசி நாளு என்னைக்கும்மா?"

"விசேஷத்தன்னைக்குத்தான் மாமா."

"அப்பறம் மண்டபத்துல வசூலாகி நீ எப்பக் கட்டுறது? என் செய்முறைய முன்னாடியே அக்கவுண்ட்டுல போட்டுவிடுறேன். முழுசும்."

"முழுசுமா மாமா? அம்புட்டுமா?"

"என் மருமகளுக்கு நான் செய்யாம எவன் செய்வான்?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. படித்து முடித்து வேலைக்குப் போனதும் முதல் வேலையாக மாமாவுக்குத் திருப்பிச் செய்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

சொன்னபடியே விசேஷத்தன்று காலையில் பணம் விழுந்தது. அவள் அப்போதே போனில் கட்டிவிட்டு, கும்மாளத்தோடு அடுப்படிக்கு ஓடினாள்.

"கட்டிட்டியா?" என்றாள் அம்மா.

"கட்டியாச்சும்மா."

"திரும்பி வாங்க முடியாதுல்ல?"

"முடியாது. ஏன் கேக்குற?"

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

மண்டபத்தில் பாதிப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது வாசலில் வெடிச்சத்தம் கேட்டது. மேளதாளத்தோடு மாமன் சீர் வந்தது. முன்னால் தவமணி, அவர் கையில் பெரிய தட்டு. பின்னால் அவர் மகன் சூரியபிரகாஷ், கழுத்து இறுக்குகிற புதுச் சட்டையில். புதுமனை விழாவுக்கு அண்ணன் கொண்டுவருகிற சீரைத் தங்கச்சிதான் வாங்க வேண்டும். தவமணி தங்கச்சியைத் தாண்டிப் போய் தாமரை முன்னால் நின்றார்.

தட்டில் அரக்குப் பட்டு, பூ, மஞ்சள், வெற்றிலை பாக்கு. பட்டின் மேல் தைத்து மடித்த ஜாக்கெட் இருந்தது. அவள் அளவுதான், சந்தேகமே இல்லை.

மைக்கில் செய்முறை வாசிக்கிறவர் தொண்டையைச் செருமினார். "திருமங்கலம் தவமணி அவர்கள், தன் மருமகள் தாமரைச்செல்வியின் வெளிநாட்டுப் படிப்புக்கு இரண்டாம் வருஷ ஃபீஸ் முழுவதும், மாமனார் செய்முறை!"

மாமன் என்று சொல்லவில்லை. மாமனார் என்றார். மண்டபமே கை தட்டியது. தாமரை அப்பாவைத் தேடினாள். காளை கறிக்குழம்பு வாளியை எடுத்துக்கொண்டு கடைசிப் பந்திப் பக்கம் நடந்துகொண்டிருந்தார், திரும்பவே இல்லை.

சூரியபிரகாஷ் மெல்லக் குனிந்தான். கெட்டவன் இல்லை, சின்ன வயதில் அவளுக்கு சைக்கிள் பழக்கிவிட்டவன். "கல்யாணத்த ரெஜிஸ்டர் பண்ணிட்டாப் போதுமாம் தாமர. ஒன் விசாவுலயே எனக்கும் போட்டுறலாம்னு ஏஜென்ட்டு சொன்னாரு. சேந்தே போயிறலாம்."

அவள் தவமணியைப் பார்த்தாள். "மாமா, வேலைக்குப் போயி அம்புட்டையும் திருப்பிச் செஞ்சிர்றேன் மாமா. வட்டியோட. உங்க வீட்டு விசேஷத்துல."

தவமணி வாய்விட்டுச் சிரித்தார். "அதத்தான மருமகளே நானும் சொல்றேன். எங்க வீட்டுல இனி என்ன விசேஷம் இருக்கு, இவன் கல்யாணத்தத் தவிர?"

பக்கத்தில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். தட்டு அவள் நெஞ்சுக்கு நேராக நீண்டுகொண்டே இருந்தது.

"ஒனக்குத் தெரியுமாம்மா?" என்று தாமரை திரும்பாமலே கேட்டாள்.

அம்மா பின்னால்தான் நின்றாள். "ரெண்டு மாசமாத் தெரியும்" என்றாள், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "மொதல்லயே சொல்லியிருந்தா நீ கட்டியிருக்க மாட்ட. படிப்பு பாதியில நின்னு, தோட்டமும் போயி, ஒங்கப்பா பூச்சி மருந்தக் குடிச்சிருவாரோன்னு எனக்குப் பயம். நீ கட்டி முடிக்கட்டும்னுதான் வாயத் தெறக்கல."

தாமரை ஒரு கையை நீட்டினாள். அம்மா அவளுடைய இன்னொரு கையையும் பிடித்து முன்னால் கொண்டுபோய்த் தட்டின் விளிம்பில் வைத்து அழுத்தினாள்.

"ரெண்டு கையாலயும் வாங்கு, தாயி. எல்லாரும் பாக்குறாக."