சொன்னதாக ஒரு நினைப்பு

வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. மதியச் சாப்பாடு முடிந்ததும் மிஷினையெல்லாம் நிறுத்திவிட்டு, எல்லாரையும் தரையில் உட்காரச் சொன்னார் முதலாளி அப்புசாமி. போன வாரம் கழிவறைக்குள் கஞ்சாப் பொட்டலம் ஒன்று சிக்கியிருந்தது. அதற்காகத்தான் நரம்பு டாக்டர் சுபஸ்ரீயை அழைத்து வந்திருந்தார். கட்டிங் மாஸ்டர் மாரிச்செல்வம் கடைசி வரிசையில் கதவோரமாகப் போய் உட்கார்ந்தான். சிக்கிய பொட்டலம் அவனுடையதில்லை. அவனுடையது பத்திரமாக டிபன் பைக்குள் இருந்தது.

நாள் முழுக்கக் குனிந்து துணி வெட்டுகிற முதுகு வலிக்காகத் தொட்ட பழக்கம். யாருக்கு என்ன கெடுதல், நான் பாட்டுக்கு இருக்கிறேன் என்று மூன்று வருஷத்தை ஓட்டிவிட்டான். தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொள்ள மனுஷனுக்குக் கற்றா கொடுக்க வேண்டும்!

"உங்க தையல் லைன் மாதிரி மூளையிலயும் ஒரு லைன் ஓடுதுங்க" என்று ஆரம்பித்தார் டாக்டர். "ஒரு நரம்பு செல் அடுத்த செல்லுக்குச் சேதியத் தள்ளும், நீங்க வெட்டின துணிய பண்டிலாக் கட்டி அடுத்த மிஷினுக்குத் தள்ளற மாதிரி. அங்க பண்டில் குமிஞ்சு போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"கொஞ்சம் நிறுத்துக்கான்னு கத்துவோம்!" என்றார்கள் பெண்கள்.

"அதேதானுங்க. சேதிய வாங்கற செல், 'போதும், மெதுவா'ன்னு பின்னாடி ஒரு பொருள அனுப்பும். நம்ம உடம்பே செய்யற பொருள் அது. அனுப்பற செல்லு மேல அதைக் கேக்கறதுக்குன்னே காது மாதிரி ஒண்ணு இருக்குது. அதுதான் கன்னாபினாய்டு ரிசப்டர். கேட்டதும் செல் அடங்கும், அந்தப் பொருளும் சீக்கிரம் கரைஞ்சு போயிரும். கஞ்சாவுல இருக்கற சரக்கு அந்தக் காதுலயே போயி உக்காந்துக்கும். எங்கயும் பண்டில் குமியல, ஆனா எல்லா மிஷினுக்கும் 'போதும், போதும்'னு ஒரே கூப்பாடு. லேசுல கரையவும் கரையாது. வலியச் சொல்ற நரம்பு அடங்கறதால வலி கொறைஞ்ச மாதிரி இருக்கும், நெசந்தான்."

மாரிச்செல்வம் தன்னையறியாமல் தலையாட்டினான்.

"ஆனா இந்த ரிசப்டர் நெறைய இருக்கற இன்னொரு எடம், ஞாபகம் பதியற எடம். அந்த நேரத்துல நடந்தது சரியாப் பதியாது. நடக்காதது நடந்த மாதிரியும் தோணும். சொல்லணும்னு நெனச்சிருப்பாங்க. சொல்லியே போட்டேன்னு அடிச்சுப் பேசுவாங்க. பொய் பேசறாங்கன்னு இல்லீங்க. அவங்களுக்கு அது நெசம்."

மாரிச்செல்வத்துக்குச் சுருக்கென்றது.

இரண்டு மாதத்துக்கு முந்திய சங்கதி. பின்னல் துணி ரோலாகச் சுற்றியிருக்கிற வரைக்கும் இழுபட்டுத்தான் கிடக்கும். பிரித்து ஒரு நாள் ஆறப்போட்டால்தான் தன் அளவுக்கு வரும். அன்று வந்த ரோலை யாரும் பிரிக்கவில்லை. மறுநாள் அப்படியே வெட்டித் தைத்ததில் ஆயிரத்து எண்ணூறு சட்டை சுருங்கிப்போய் பாழாயிற்று. துணி விரிக்கிற கருத்தம்மா, அவன் ஊர்ப்பக்கத்துக்காரி, "நீங்க பிரிக்கச் சொல்லவே இல்லையேண்ணே" என்றாள். அவன் எல்லார் முன்னாலும், "எம் மக மேல சத்தியமாச் சொன்னேன்" என்றான். அதற்கு மேல் பேச்சேது? அவளை நூல் பிசிறு வெட்டுகிற கீழ்வேலைக்கு மாற்றினார்கள். அவளும் வாய் திறக்கவில்லை. தப்பு அவள்மேல்தான், அதனால்தான் ஊமையாகிவிட்டாள் என்று அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான்.

இப்போது தேடிப் பார்த்தான். எங்கே நின்று சொன்னேன்? அவள் என்ன பதில் சொன்னாள்? ஒன்றுமே அகப்படவில்லை. அன்று மத்தியானம் காம்பவுண்டுச் சுவரோரம் புகையை இழுத்துக்கொண்டே, கருத்தம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தது மட்டும் இருந்தது. காது மடலெல்லாம் சுட்டது.

அந்த நேரம் பார்த்துக் கருத்தம்மாவே எழுந்தாள்.

"டாக்டரம்மா, நான் அந்தக் கருமத்தக் கண்ணால கண்டதில்ல. ஆனா எனக்கு ஞாபகம் தப்புது. துணியப் பிரிச்சுப் போடுன்னு மாஸ்டர் அண்ணன் சொல்லிருக்காக. எனக்குக் கேட்ட நெனப்பே இல்ல. பெத்த பிள்ள மேல பொய்ச் சத்தியம் பண்ற ஆளா அவுக? அப்ப எம் மண்டைக்குள்ளதான கோளாறு? எங்காத்தாளுக்கும் கடைசில பிள்ளைக பேரே மறந்துபோச்சு. அடுப்ப அணைச்சமா இல்லையான்னு நாலு தடவ திரும்பிப்போய்ப் பாக்குறேன். இதுக்கு மாத்திர இருக்காம்மா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "எப்பருந்துங்க இப்படி?" என்று கேட்டார் டாக்டர்.

"ரெண்டு மாசமாத்தான்."

வாயை மூடிக்கொண்டு இருந்தால் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. மாஸ்டர் வேலை, வீட்டுக்காரி, மகள், எல்லாம் ஒரு கணம் கண்ணுக்குள் வந்தது. அட மானங்கெட்டவனே, இல்லாத நோய்க்கு அவள் மாத்திரை தின்னட்டும் என்றா உட்கார்ந்திருக்கிறாய்? மாரிச்செல்வம் எழுந்தான்.

"அவளுக்கு ஒண்ணுமில்ல டாக்டர்" என்றான். "கோளாறு எனக்கு. அன்னைக்கு நான் அதக் குடிச்சிருந்தேன். சொன்னதா நெனச்சுக்கிட்டேன். சொல்லல. அவமேல பழியப் போட்டு, சத்தியமும் பண்ணிட்டேன்."

கம்பெனியே திரும்பிப் பார்த்தது. "என்னுங்க மாஸ்டர் இது?" என்றார் அப்புசாமி.

கருத்தம்மா மண்ணை வாரித் தூற்றுவாள், செருப்பைக் கழற்றுவாள் என்று அவன் தலைகுனிந்து நின்றான். அடித்தால் தேவலை என்றிருந்தது. அவளோ அவனைப் பார்க்கவேயில்லை.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்லையா டாக்டரம்மா?"

"அவர் சொல்றதப் பாத்தா உங்க ஞாபகம் சரியாத்தானுங்க இருந்திருக்குது. பயந்து பயந்துதான் இப்படி ஆயிருக்குது."

கருத்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தார்கள். சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணீர் பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. எனக்கு ஒண்ணுமில்லையாம், எனக்கு ஒண்ணுமில்லையாம் என்று பக்கத்தில் இருந்தவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். பிறகு வரிசையை விலக்கிக்கொண்டு கதவோரம் வந்து அவன் முன்னால் நின்றாள்.

"நல்லவேள சொன்னீகண்ணே" என்று அவனைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள். "நீங்க நல்லாருக்கணும்."

மாரிச்செல்வத்துக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. "கும்பிடாத தாயி" என்றான். "என்னையப் போயிக் கும்பிடாத."