சாக்ஸ் போட்ட ஆறு பாட்டில்கள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஆறு ஒயின் பாட்டில்கள் சாக்ஸ் போட்டுக்கொண்டு நின்றன. பார்த்ததும் சிரித்துவிட்டேன். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மலைச்சரிவில் விளைந்த திராட்சையின் ரகசியங்கள் அவள் நாக்கில் மெல்ல மெல்ல..." அடித்துவிட்டேன். அக்கா படித்தால் காதைத் திருகுவாள். அடுத்தது: "அத்தான் ஒரு கல்நெஞ்சக்காரர்." இதையும் அடிக்க வேண்டி வந்தது. ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

2

அக்காவும் அத்தானும் ஒயின் கடை வைத்திருக்கிறார்கள். அக்கா சுவைத்துத் தேர்ந்தெடுப்பாள். அத்தான் பெட்டி தூக்குவார், அடுக்குவார், விற்பார். போன குளிர்காலத்தில் அக்காவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. அது போகும்போது அவளுடைய மோப்பத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டது. எல்லாம் திரும்பி வந்தாச்சு என்கிறாள் அக்கா. அத்தானுக்கு நம்பிக்கை இல்லை.

"உன் மூக்கை நம்பித்தான் ஜனங்க வர்றாங்க. அது போயிடுச்சுன்னா கௌரவமா கடையை வித்துட்டு, நம்ம பையன் இருக்கிற ஊருக்குப் போயிடலாம்."

"என் மூக்குக்கு ஒண்ணும் ஆகல. வேணும்னா சோதிச்சுப் பாருங்க!"

இப்படி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். மலை, கடலோரம், வறண்ட சமவெளி என்று மூன்று இடத்து ஒயின்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை. எல்லாம் ஒரே குளிர்ச்சியில், நிறம் தெரியாத கறுப்புக் கோப்பைகளில். ஆறையும் சரியாகச் சொன்னால் கடை இருக்கும். பிசகினால் விற்றுவிடுவது. ஊற்றிக் கொடுக்கும் வேலை எனக்கு.

(குளிர்ந்த சிவப்பையும் வெள்ளையையும் பார்க்காமல் பிரித்துச் சொல்வது என்ன பெரிய வித்தை என்று நினைப்பவர்கள் வீட்டில் முயன்று பார்க்கலாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு முயன்றால் அக்காவின் பயமும் புரியும்.)

3

அத்தானை வில்லனாக்கத்தான் நினைத்தேன். கதைக்கு ஒரு வில்லன் இருந்தால் எனக்கு வேலை மிச்சம். ஆனால் பாட்டில் அடையாளம் தெரியக் கூடாது என்று தன் சாக்ஸ்களையே எடுத்து மாட்டியிருந்தாரே மனிதர்! துவைத்தவைதான்.*

அக்கா மேஜையை ஒரு பார்வை பார்த்தாள். "ஏங்க, நீலக்கோடு ரெண்டு, சாம்பல் ரெண்டு, பழுப்பு ரெண்டு. ஒரு ஊருக்கு ஒரு ஜோடியா?"

அத்தான் திருதிருவென்று விழித்தார். அவர் சாக்ஸை ஜோடி பிரித்து நான் பார்த்ததே இல்லை. மாற்றி மாட்டலாம் என்ற யோசனையே வந்திருக்காது. "பழக்கதோஷம்" என்றார். இவரை வைத்துக்கொண்டு எப்படி வில்லத்தனம் செய்வது?

அக்கா பேசாமல் இருந்திருந்தால் பாதி பரீட்சை பாஸ். ஆனால் தன் மூக்கைப் பற்றிய உண்மை அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. எனக்கு அவளை அப்போது ரொம்பப் பிடித்தது.

* அக்கா முகர்ந்து பார்த்துச் சான்றிதழ் கொடுத்தாள். அது கணக்கில் சேராது என்றார் அத்தான்.

4

எனவே பாட்டில்கள் சாக்ஸோடு சமையலறைக்குப் போயின. அங்கே ஊற்றி, ஒவ்வொரு கோப்பையாகக் கொண்டுவந்தேன்.

"சமவெளிச் சிவப்பு. நாக்கைப் பிடிச்சு இழுக்குது." சரி.

"இதுவும் சிவப்புதான், ஆனா வெயில் பத்தாத பழம். மலை." சரி.

கடலோரச் சிவப்பையும், கனிந்த பழம்போல் கனத்த சமவெளி வெள்ளையையும் முகர்ந்தவுடனேயே சொல்லிவிட்டாள். அத்தானுக்கே முகம் மலர்ந்துவிட்டது. மிச்சம் மலை வெள்ளை, கடலோர வெள்ளை. இரண்டையும் சேர்த்தே கொண்டுவரச் சொன்னாள்.

ஒரு கோப்பையை ஊற்றியிருப்பேன், போன் அடித்தது. பத்திரிகை ஆசிரியர். கதை எங்கே என்றார். (இந்தக் கதைதான்.) வந்துகொண்டே இருக்கிறது என்று சமாளித்துவிட்டு, அடுத்த கோப்பையையும் ஊற்றி எடுத்துப் போனேன்.

அக்கா ஒன்றைக் குடித்தாள். மற்றதைக் குடித்தாள். மறுபடி முதலாவது.

"ரெண்டும் ஒண்ணு. ரெண்டும் கடலோரம்."

"எப்படி இருக்கும்? ஒண்ணு மலையில்ல?" என்றார் அத்தான்.

"அப்ப இவன் தப்பா ஊத்தியிருக்கணும். இல்லன்னா..." கோப்பையைக் கீழே வைத்தாள். "போயிடுச்சு போலிருக்குங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எவ்வளவு யோசித்தும் இரண்டாவது முறை எந்தப் பாட்டிலைத் தூக்கினேன் என்று ஞாபகம் வரவில்லை. "போன் வந்துச்சு..." என்று இழுத்தேன்.

5

ஒரு முடிவு: தப்பு என்மேல்தான் என்று ருசுவாகிறது, அக்காவுக்கு வெற்றி. எழுதிப் பார்த்தேன், பல்பொடி விளம்பரம் மாதிரி இருந்தது. இன்னொரு முடிவு: கடை கைமாறுகிறது, அக்கா கடைசியாக ஒருமுறை ஷட்டரைத் தொட்டு... வேண்டாம். அதையும் அடித்துவிட்டேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அத்தான் எழுந்து சமையலறைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். ஒரு பாட்டில் நிரம்பியிருந்தால் குற்றவாளி நான். இரண்டும் சமமாகக் குறைந்திருந்தால் அக்காவின் மூக்கு அவ்வளவுதான். எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. கைக்கு ஒன்றாக இரண்டையும் தூக்கினார். காலமெல்லாம் பெட்டி தூக்கிய கைகள், எடை தெரியாமலா போகும்? சற்று நேரம் அப்படியே நின்றார். பிறகு பெரிய தண்ணீர் ஜாடியை இழுத்து, இரண்டையும் அதில் கவிழ்த்துவிட்டார்.

"ஐயையோ, கலந்துட்டீங்களா!" வாசலில் நின்று அக்கா அலறினாள். ஒயின் கடைக்காரர் செய்யும் காரியமா இது?

"ரெண்டும் ஒண்ணுன்னு நீதானே சொன்ன?" என்றார் அத்தான். "அடுத்த சரக்கையும் நீயே போய்ப் பார்த்து எடு. நான் கடையைப் பார்த்துக்கிறேன்."

(கணக்குப் போடும் வாசகர்களுக்கு: நான் எப்படி ஊற்றியிருந்தாலும் ஜாடியில் அளவு ஒன்றுதான். நானும் போட்டுப் பார்த்துவிட்டேன்.)

6

அந்தக் கைகளுக்கு என்ன தெரிந்தது என்று நான் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. ஆசிரியர் கேட்டால் முடிவை வாசகர்களிடம் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிவிடுவேன். உங்கள் பாடு.

நாங்கள் மூவரும் மேஜைக்குத் திரும்பினோம். அத்தான் ஜாடியிலிருந்து ஊற்றினார். அக்கா முகர்ந்தாள். ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டி, விழுங்கினாள். பிறகு நிமிர்ந்து அத்தானையே பார்த்தாள்.

"என்ன?" என்றார் அத்தான், ஜாடியைக் கீழே வைக்காமலே.

"ஒண்ணுமில்ல" என்றாள் அக்கா. "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."