கஜேந்திரன் படுத்த இடத்தில் இலுக்கு

அக்கரப்பத்தனைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்து லய வீட்டில், கஜேந்திரன் கொழும்புக்கு வேலைக்குப் போன மூன்றாம் மாதம், அவன் படுக்கும் இடத்தில் சிமெந்துத் தரையைப் பிளந்துகொண்டு இலுக்குப் புல் முளைத்தது. முழங்காலை மடக்கி, கையைத் தலைக்குக் கொடுத்து அவன் ஒருக்களித்துத் தூங்குவானே, அதே வடிவில் முளைத்தது. அவன் மனைவி பூரணி தன் பாயைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அந்த மாதம் கோதுமை மாவும் விலை ஏறியிருந்தது.

புல் இடுப்பளவு உயர்ந்தபோது, தேயிலை மலையில் வளர்ந்தவள் செய்யக்கூடியதைத்தான் அவளும் செய்தாள். கவ்வாத்துக் கத்தியை எடுத்து, தேயிலையை வெட்டுவதுபோல் கணுக்கால் பக்கம் ஒட்ட வெட்டினாள். கவ்வாத்து செய்தால் எதுவும் திமிறிக்கொண்டு வளரும். இலுக்கும் இரண்டு மடங்கானது. வேர் சுவருக்கு அடியால் நுழைந்து பின்னாலிருந்த மலைக்குப் பரவியது. வெட்டிய அன்று கொழும்புக் கடையில் கஜேந்திரன் கணுக்கால் வீங்கி உட்கார்ந்துவிட்டான். அதைக் கேட்டபின் பூரணி கத்தியைத் தொடவில்லை.

காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில், மலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா திங்கட்கிழமை களைமருந்து அடிப்பதாகச் சொன்னார்.

“வீட்டுக்குள்ள இருக்கிறதுக்கு ஒண்ணும் ஆகாதுங்களே, ஐயா?”

“வேரு ஒண்ணுதானே, பூரணி. மலையில அடிச்சா உள்ள இருக்கிறதும் கருகிடும். ஒனக்கு நல்லதுதானே?”

அன்று மாலையே கணவனுக்குப் போன் எடுத்தாள். “உடனே வந்துருங்க” என்றாள்.

“புல்லுக்குச் சொகமில்லைன்னு மொதலாளிகிட்ட லீவு கேக்கவா?” என்று சிரித்தான்.

பூரணி சுண்டுவிரல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு புல் தாளைக் கிள்ளினாள். அந்தப் பக்கம் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது.

“இன்னொருக்கா கிள்ளாத, புள்ள. வாறேன்.”

ஞாயிறு மாலை பஸ்ஸில் வந்து இறங்கியவன், தேத்தண்ணிகூடக் குடிக்காமல் சுவரோரம் அலவாங்கால் தோண்டினான். வேர் கால்மாட்டிலிருந்து வெளியே போயிருந்தது, வெள்ளையாக, கணுக்கணுவாக. பூரணி நீட்டிய கத்தியை வாங்கி அவனே வெட்டினான். இடது காலில் இரண்டு விரல்கள் அப்போதே மரத்துப்போயின. மறுநாள் மருந்தடித்து முடியும்வரை அவள் அவன் நெஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை. வாரக் கடைசியில் மலையில் இருந்ததெல்லாம் கருகியது. வீட்டுக்குள் இருந்தது பச்சையாகவே நின்றது.

கஜேந்திரன் பிறகு கொழும்புக்குப் போகவில்லை. மறுபக்கம் பாய் போட்டுக்கொண்டான். பூரணி இருவருக்கும் நடுவில் படுத்தாள். தை மாதம் இலுக்கு வெள்ளை வெளேரென்று பூத்தது. அதே வாரம் அவன் தலையும் நரைத்தது.

“கொஞ்சம் முந்தித்தான் பூத்திருச்சு,” என்றாள் பூரணி, புல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே.